அம்மாவுக்கு ஒரு இரவல் குரல்

எடிட்டிங் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால் அது என் பக்கம் தள்ளிவிடப்பட்டது, அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் ஒரு ஆங்கிலவழிப் பள்ளியில் நான் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம், சார்ட் அட்டையில் எழுதி ஒட்டுகிற வழக்கத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மழைநீர் சேகரிப்பா, வீடியோ. பிளாஸ்டிக் ஒழிப்பா, வீடியோ. மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டார்கள். என் குழுவில் ஒரு பையன். அவன் அப்பா வடசேரியில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தார், அதனால் அவன்தான் தலைவன். கேமரா அவன் கையில்தான் இருக்கும். இன்னொருத்தி பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிக் குவிப்பவள். திரையில் வந்து பேசுவது அவள் வேலை. நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். குளச்சலுக்கு மேற்கே கடற்கரையிலிருந்து வருகிற பிள்ளைக்கு உடம்பில் பலம் இருக்கும் என்று அந்தப் பையன் ஒரு தடவை சொன்னான். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னான்.

அந்தப் பேச்சுக்காரி என் தோழி. என் டிபன் பாக்ஸிலிருந்து மீனை எடுத்துத் தின்ற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் மூடியைத் திறந்ததும் பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்கள். அதனால் அவள்மீது எனக்கு இருந்த பிரியம் அதிகம். அவள் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். என் பேச்சைக் கேட்டு வகுப்பு சிரித்த முதல் மாதத்தில், அவளைப் பார்த்துத்தான் நான் வீட்டுப் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வரப் பழகினேன்.

எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டும்போதுதான் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். அவனுக்கு டியூஷன், அவளுக்குப் போட்டி. நான் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு கம்ப்யூட்டர் லேபில் போய் உட்காருவேன். மின்விசிறி ஓடாத லேப். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று பயந்து பயந்து, ஒரு முழுப் படத்தையே அழித்துத் தொலைத்து, மறுபடி முதலிலிருந்து செய்து கற்றுக்கொண்டேன். ஒருவர் பேசும்போது அவர் முகத்தையே காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அவர் கையைக் காட்டலாம், குரல் தானாக அந்தக் கைக்குமேல் நடந்துபோகும் என்று நானாகக் கண்டுபிடித்த அன்று, பக்கத்தில் சொல்ல ஆளில்லை. மார்க் வந்தபோது மூன்று பேருக்கும் ஒரே மார்க். அதைத்தான் கூட்டு முயற்சி என்றார்கள்.

அடுத்த வருடம் பள்ளிகளுக்கிடையே ஒரு குறும்படப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, உழைக்கும் மக்கள். விழா எங்கள் பள்ளி அரங்கில்தான் என்பதால் பரிசு வெளியே போய்விடக் கூடாது என்று கம்ப்யூட்டர் சார் சொல்லிவிட்டார். வீடியோ விஷயங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. யாரை எடுப்பது என்று யோசித்தோம். ரப்பர் பால் வெட்டுகிறவர், முந்திரி ஆலைப் பெண்கள் என்று பேச்சு போனது.

"ஏட்டி, உனக்க அம்மையை எடுத்தா என்ன?" என்று என் தோழி கேட்டாள்.

என் அம்மா மீன் விற்பவள். விடியும் முன் கரையில் ஏலம் எடுத்து, நாலைந்து பெண்களாகச் சேர்ந்து ஒரு டெம்போ பிடித்து, திருவட்டாறு பக்கத்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோவாள். அப்பா வளைகுடாவில் யாருடைய படகிலோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளியில் யாரும் அம்மாவைப் பார்த்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவளால் வர முடியாது, அது சந்தை நேரம். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. வீட்டில் போய்க் கேட்டேன்.

"என்னையா? நான் என்ன சினிமாக்காரியா?" என்று அம்மா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "மோளே, நல்ல சேலை உடுக்கணுமா?"

"வேண்டாம்மா. எப்பவும் உடுக்கதே போதும்."

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூவரும் சந்தைக்குப் போனபோது அவள் மாதா கோயில் திருவிழாவுக்கு உடுக்கும் சேலையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பவுடர். முன்னால் சாளையும் நெத்திலியும். அந்தப் பையன் தன் அப்பாவின் பெரிய கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சந்தையே திரும்பிப் பார்த்தது. அம்மா கல்மாதிரி ஆகிவிட்டாள். எதைக் கேட்டாலும் "ஆமா", "இல்ல". சுற்றிலும் கூவல் வேறு. அவள் சொல்வது எதுவும் கேமராவில் ஏறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு அவள் மடியில், முந்தானைக்கு அடியில் வைத்தேன். கேமராவைத் தூரத் தள்ளிப் போகச் சொன்னேன். அவன் முறைத்துவிட்டுப் போனான். பிறகு நான் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கேள்வி கேட்காமல் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். ஒருத்தி வந்து சாளை விலை கேட்டாள், அம்மா விலை சொன்னாள், சண்டை போட்டாள், கொடுத்தாள். அதற்குப் பிறகு கேமரா இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

ஐஸைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா என் தோழியிடம் கையை நீட்டிக் காட்டினாள். "எனக்க கையப் பாத்தியா? ஐஸ் அள்ளி அள்ளி வெரலெல்லாம் மரத்துப் போச்சு. இவளுக்குத் தல சீவிக் குடுக்கும்போ பேன் கெடக்கான்னு தடவிப் பாப்பேன். ஒண்ணும் அறியாது. பேன் எனக்க வெரலுக்கு மேல ஏறிப் போனாலும் அறியாது கேட்டியா?"

பக்கத்தில் அயிலை விற்றுக்கொண்டிருந்தவள் கெக்கலித்தாள். "பிள்ளைக்க தலையில பேன் கெடக்குன்னு ஊருக்கே சொல்லுதா பாரு! நாளைக்கு டிவியில வரும்."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல், அந்த மரத்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. ஆனாலும் நானும் சிரித்தேன். என் தோழியும் சிரித்தாள். தூரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் மதிய நேரங்களில் உட்கார்ந்து அந்தப் படத்தை வெட்டினேன். மடியில் இருந்த போனில் அம்மாவின் மூச்சுகூடப் பதிவாகியிருந்தது. கேமராவின் படத்தையும் போனின் சத்தத்தையும் உதட்டோடு உதடு பொருத்துவது பெரிய பாடு. ஒரு துளி முன்னே பின்னே போனாலும் கண் கண்டுபிடித்துவிடும். பொருந்திய கணத்தில் திரையில் இருந்தவள் சட்டென்று என் அம்மாவாக ஆனாள். ஐஸைப் பற்றி அவள் பேசும் இடத்தில் ஐஸ் அள்ளும் கையை வைத்தேன். சிரிப்பு வரும் இடத்தில் எதையும் வெட்டவில்லை. பாட்டு போடவில்லை. சந்தையின் இரைச்சல் மட்டும் கடைசிவரை அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

தோழியை லேபுக்கு இழுத்துவந்து காட்டினேன். பார்த்து முடித்து, "இது கொள்ளாம்ட்டி. நிஜமாவே கொள்ளாம்" என்றாள். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. அவள் குரலில் எந்தப் பூச்சும் இல்லை. அவள் வாயிலிருந்து வீட்டுத் தமிழ் வந்து நான் கேட்ட சில தடவைகளில் அது ஒன்று.

சார் ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பார்த்தார். முடிந்ததும் சற்றுநேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"படம் எடுத்த விதம் நல்லாருக்கு. ஆனா அவங்க பேசுகது எனக்கே பாதி புரியல்ல. தமிழா மலையாளமா? நடுவர் மெட்ராஸ்லேருந்து வாராரு."

"கீழே எழுத்து போட்டுரலாம் சார்" என்றேன்.

"பேன், கீன்னு வேற பேசுகாங்க. ஸ்கூல் பேர் வருதுலா?"

"அது சும்மா சிரிப்புக்குச் சொன்னது சார்."

"சரி, பார்ப்போம். பென் டிரைவை வச்சிட்டுப் போ."

அவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான். அன்று நான் வெளியே வரும்போது பியூனைக் கூப்பிட்டு, அம்மா பேசுகிற அதே பேச்சில், "எனக்க வண்டிச் சாவிய எங்கயாவது கண்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்குப் போய், அம்மா பேசியதையெல்லாம் சின்னச் சின்ன வரிகளாக எழுதி, எந்த இடத்தில் எந்த வரி வர வேண்டும் என்று குறித்து மறுநாள் அவரிடம் கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். அதன்பிறகு நான் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் நடக்கு, நீ பரீட்சைக்குப் படி" என்றார்.

விழாவன்று அம்மா சந்தையை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்தாள். பேருந்து நிலையத்துக் குழாயில் கையும் காலும் கழுவி, பையில் கொண்டுவந்திருந்த சேலையை எங்கேயோ வைத்து மாற்றி உடுத்திருந்தாள். அரங்குக்குள் நுழையும்போது கையை மோந்து பார்த்துக்கொண்டாள். "மணக்குதா மோளே?" என்றாள். இல்லை என்றேன். கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நானும் அவளோடு உட்கார்ந்தேன்.

எங்கள் படம் வந்தது. திரை நிறைய அம்மாவின் முகம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு களுக்கென்று சிரித்தாள். திரையில் அவள் வாய் திறந்தது.

"என்னுடைய கரங்கள் குளிர்ந்தாலும் என்னுடைய உள்ளம் உறைவதில்லை. கடின உழைப்பே என் மூலதனம். என் மகளின் கல்வியே என் இலட்சியம்."

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. யாருடைய குரல் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. பதினேழு வயதுப் பெண்ணின் குரல், கொஞ்சம் வயதானதுபோல் ஆக்கிக்கொண்ட குரல், என் அம்மாவின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. உதடு அசைந்து முடிந்த பிறகும் குரல் போய்க்கொண்டிருந்தது. சந்தைச் சத்தம் முழுவதையும் வழித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயலினை விட்டிருந்தார்கள்.

"இது யாருக்க சத்தம் மோளே?" என்று அம்மா குனிந்து கேட்டாள். "நான் இப்பிடிப் பேசல்லியே."

பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. அதை அவர்கள் வெட்டியிருக்கவில்லை. வேகத்தைக் குறைத்திருந்தார்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கும் ஒரு பெண்ணை மெதுவாக ஓடவிட்டால் அவள் அழுகிறாள். அன்றுதான் அதைத் தெரிந்துகொண்டேன். அதற்குமேல் என் தோழியின் குரல் சொன்னது, "என்னுடைய கண்ணீரையும் சேர்த்துச் சுமப்பதால்தான் கடல் உப்பாக இருக்கிறதோ?"

எனக்கு முன்வரிசையில் ஒரு ஆசிரியை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

கடைசியில் எழுத்துகள் ஓடின. எடிட்டிங் என்ற இடத்தில் ஸ்டுடியோக்காரர் மகன். எழுத்தும் குரலும் என் தோழி. உதவி என்ற இடத்தில் நான். அம்மாவுக்குப் பெயரே இல்லை. ஒரு மீன் விற்கும் தாய்க்கு நன்றி என்று போட்டிருந்தார்கள். முதல் பரிசு எங்களுக்குத்தான். வெளியூர் நடுவர், இவ்வளவு செம்மையான தமிழ் ஒரு சந்தையிலிருந்து எழும் என்று தான் நினைக்கவில்லை என்றார். அந்த அம்மா இங்கே வந்திருக்கிறாரா என்று கேட்டார். சார் கடைசி வரிசையைக் கை காட்டினார்.

அம்மாவை மேடைக்கு அழைத்துப் போனார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார் நடுவர். சாரின் முகம் அப்போது போன போக்கை நான் கீழேயிருந்து பார்த்தேன். அம்மா மைக்கைப் பார்த்தாள். வாயருகே கொண்டுபோனாள். அவள் பேசுவாள் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவள் மைக்கைக் கீழே இறக்கி, அதைக் கையிலேயே வைத்தபடி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். கைதட்டினார்கள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"நான் பேசுனது அவ்வளவு மோசமாட்டா இருந்துது?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் செஞ்சது வேற. அவங்க எனக்குத் தெரியாம மாத்திட்டாங்க."

நான் செய்த படம் போனில் இருந்தது. இயர்போனை அவள் காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன். இதைப் பார்த்தால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினேன். ஐஸைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் இடம்வரை பார்த்தாள். பிறகு இயர்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"அவங்க செஞ்சது சரிதான் மக்கா. எனக்க சத்தம் இப்பிடியா இருக்கு? கேக்க சகிக்கல்ல."

அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. மீன் கெட்டுப்போயிற்று என்று சொல்வதுபோல் சொன்னாள். அவ்வளவு பேர் கைதட்டிய அந்தக் குரலை ஒருதரம் கேட்ட பிறகு, தன் குரலைத் தன்னால் கேட்க முடியாமல் ஆகிவிட்டது அவளுக்கு. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை சாரிடம் போனேன். என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அங்கே போனதும் வாயில் வந்தது ஒன்றுதான். "அது எங்க அம்மா பேசுனது இல்ல சார்."

"ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கியாச்சு. உங்க அம்மைக்கு மேடையில பொன்னாடை போட்டாச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு? உங்களுக்கெல்லாம் நல்லது செஞ்சாலும் குத்தம்."

உங்களுக்கெல்லாம் என்பதில் யார் யார் அடக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் மகன் சண்டைக்கு வரவில்லை. அப்பாவின் கடையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார் என்று பெருமையாகத்தான் சொன்னான். தோழி மட்டும் என்னைக் கண்டதும் வராந்தாவில் வேறு பக்கம் திரும்பினாள். ஓடிப்போய் வழி மறித்தேன்.

"நீதானட்டி கொள்ளாம்னு சொன்ன?"

"சார் சொன்னாரு, நான் என்ன செய்ய?"

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ சம்மதிப்பியா?" என்றாள். பிறகு மேடைக் குரலுக்கு மாறிக்கொண்டாள். "நான் உன் அம்மாவை இழிவுபடுத்தவில்லை. உயர்த்தித்தான் காட்டியிருக்கிறேன்."

அன்று முதல் நான் தனியாகச் சாப்பிட்டேன்.

பள்ளிக்கூடம் அந்தப் படத்தை யூடியூபில் போட்டது. இப்போதும் ஒவ்வொரு வருடமும் அட்மிஷன் நேரத்தில் அதை மறுபடி எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். அந்தத் தாயின் தமிழைக் கேட்டுக் கண்கலங்கியதாகக் கீழே நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை பள்ளிக்கு எழுதினேன். பதில் இல்லை. உண்மையைச் சொல்லிக் கீழே ஒருமுறை நானே எழுதினேன். மறுநாள் அது அங்கே இல்லை.

நான் கல்லூரியில் எடிட்டிங்கையே பாடமாகப் படித்து, இப்போது கொச்சியில் ஒரு கம்பெனியில் எடிட்டராக இருக்கிறேன். விளம்பரங்கள்தான் அதிகம் வரும். ஒரு மொழியில் எடுத்ததை நாலு மொழிக்கு மாற்றுவார்கள், உதட்டுக்குக் குரலைப் பொருத்துவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். பள்ளியில் கற்றதுதானே என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பேன். அதற்காகப் பள்ளிக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. அம்மா சந்தைக்குப் போகிறாள். வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பு என்றால் அனுப்பமாட்டாள். பொம்மைப் படங்கள் அனுப்புகிறாள். பூங்கொத்து, காலை வணக்கம், மாதாவின் படம். போனில் பேசும்போது பின்னால் வேறு யாருடைய சத்தமாவது கேட்டால், "பக்கத்துல ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உடனே வைத்துவிடுகிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது வடசேரிப் பேருந்து நிலையத்தில் என் தோழியைப் பார்த்தேன். கல்யாண வரவேற்புகளிலும் கடைத் திறப்பு விழாக்களிலும் மேடையில் பேசுகிற வேலை அவளுக்கு. நன்றாகப் போகிறது என்றாள். கையில் குழந்தை. அவளாக வந்துதான் பேசினாள். இரண்டு பேரும் என்னென்னவோ பேசினோம். பிறகு அவளே கேட்டாள்.

"அம்மை சுகமா?"

"சுகம்."

"நீ இப்பவும் அதை மனசுல வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு வருடம் கழித்துக் கேட்டால் எவரானாலும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "நமக்கு அப்ப சின்ன வயசுலா" என்றாள்.

"எனக்க அம்மைக்குச் சின்ன வயசு இல்ல" என்றேன்.

என் பேருந்து வந்தது. வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். பேருந்து கிளம்பும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.